பழைய படங்கள், வாசகர் சந்தேகங்கள்: கடலோரத்து இடிந்த கோட்டை

போன இதழில் ஒரு நீர்வண்ண ஓவியத்தின் புகைப்படத்தைப் போட்டு, ‘இதைப் பற்றி அடுத்த இதழில் எழுதுகிறேன்’ என்று சொல்லியிருந்தேன். கடலோரப் பாறை மேல் இடிந்து நிற்கும் ஒரு கோட்டை. அனுப்பியவர் இங்கிலாந்தில் இருக்கும் வாசகி. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு இன்னும் நான்கு பேர் எழுதிவிட்டார்கள். அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் கோட்டைக்குத்தான்.

கேள்வி: அன்புள்ள அம்மாவுக்கு, நாங்கள் நியூகாசிலுக்குப் பக்கத்தில் கேட்ஸ்ஹெட்டில் ஆறு வருஷமாக இருக்கிறோம். போன மாதம் ஒரு சாரிட்டி கடையில், பழைய சாமான்களோடு இந்தப் படத்தைச் சாய்த்து வைத்திருந்தார்கள். 12 பவுண்டு கொடுத்து வாங்கினேன். கையெழுத்து எதுவும் இல்லை. பின்பக்கம் பென்சிலில் ‘டன்ஸ்டன்’ என்று தொடங்கி மங்கிப்போன ஒரு வார்த்தையும், கிழிந்த லேபிளில் ‘கிரே ஸ்ட்ரீட், நியூகாசில்’ என்பதும் மட்டும் படிக்க முடிகிறது. வானம் முழுக்க ரோஸ் நிறம், அஸ்தமனம் போல இருக்கிறது. என் கணவர் ‘இது அச்சடித்த படம், ஏமாந்துட்டே’ என்கிறார். இது எந்தக் கோட்டை? கையால் வரைந்ததா? எவ்வளவு பழசு? புகழ்பெற்ற ஆங்கில ஓவியர் டர்னர் வரைந்ததாக இருக்க வாய்ப்பு உண்டா? முன்பக்கம், பின்பக்கம், லென்ஸ் வைத்து எடுத்தவை என நான்கு போட்டோ அனுப்பியிருக்கிறேன்.
– வாசகி, கேட்ஸ்ஹெட்

பதில்: முதலில் உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், நீங்கள் ஏமாறவில்லை. அது கையால் வரைந்ததுதான். எப்படிச் சொல்கிறேன் என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் இடம்.

பின்பக்கத்துப் பென்சில் எழுத்து இல்லாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்கும். அது டன்ஸ்டன்பரோ கோட்டை. உங்கள் வீட்டிலிருந்து வடக்கே, நார்தம்பர்லாந்துக் கடற்கரையில், க்ராஸ்டர் என்ற மீனவர் ஊருக்கும் எம்பிள்டன் மணற்கரைக்கும் நடுவில் இருக்கிறது. காகித ஓவியங்களைப் பாதுகாக்கும் வேலையை நான் படித்தது நியூகாசிலில்தான். அந்த இரண்டு வருஷத்தில் நாலைந்து முறை அங்கே போயிருக்கிறேன். க்ராஸ்டரில் பஸ்ஸை விட்டு இறங்கினால், ஹெர்ரிங் மீனைப் புகையில் வாட்டும் வாசனை முகத்தில் அடிக்கும். அங்கிருந்து புல்வெளியில், ஆடுகளுக்கு நடுவே, ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நடை. வண்டிப்பாதை கிடையாது. நடக்க நடக்க கோட்டை கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகும்.

உங்கள் படத்தில் கடல் இடது பக்கம் இருக்கிறது. அது கிழக்குக் கடற்கரை. ஆகவே வரைந்தவர் வடக்கே, எம்பிள்டன் பக்கம் நின்றுகொண்டு தெற்கே பார்த்திருக்கிறார். க்ராஸ்டர் பக்கமிருந்து பார்த்திருந்தால் கடல் வலது பக்கம் வரும். மேட்டில் தனியாக உயர்ந்து நிற்பது லில்பர்ன் கோபுரம். அதற்கு வலப்பக்கம் தள்ளி, முன்பற்கள் உடைந்த மாதிரி இரண்டு மொட்டைத் தூண்கள் தெரிகின்றனவே, அவை கோட்டையின் வாயிற்கோபுரங்கள். கீழே கரையில் கிடக்கும் உருண்டைப் பாறைகளும் கற்பனை இல்லை. அந்தக் கரையில் கன்னங்கரேலென்று, யானைக்குட்டிகள் படுத்திருக்கிற மாதிரி, ஈரத்தில் மினுமினுத்துக்கொண்டு கிடக்கும். எரிமலைக் குழம்பு மண்ணுக்குள்ளேயே இறுகி உண்டான டோலரைட் பாறை அது. கோட்டை நிற்கும் செங்குத்துப் பாறையும் அதே இனம்தான்.

கிழக்குக் கடற்கரை என்பதால் இன்னொன்றும் தெரிகிறது. கடல் மேல் சூரியன் இருந்தால் அது காலை. சென்னை மெரினாவில் கடலுக்குள் சூரியன் அஸ்தமிப்பதை யாராவது பார்த்ததுண்டா? அதே கணக்கு இங்கேயும். உங்கள் படத்தில் இருப்பது அஸ்தமனம் இல்லை. அதோடு, அந்த ரோஸ் நிறத்தை வரைந்தவர் வைக்கவே இல்லை என்பது என் எண்ணம். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

உங்கள் முதல் போட்டோவின் இடது ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஃப்ரேமுக்குள் படம் லேசாகச் சரிந்திருக்கிறது. அதனால் படத்தைச் சுற்றி ஓரமாக வைக்கும் மவுன்ட் அட்டைக்கு அடியில் இத்தனை காலம் மறைந்திருந்த பட்டை ஒன்று, அரிசி அகலத்துக்கு வெளியே தெரிகிறது. அந்தப் பட்டையில் வானம் என்ன நிறம்? நீலச் சாம்பல். மழை மேகத்தின் நிறம். அதுதான் வரைந்தவர் கண்ட வானம். அட்டைக்குக் கீழே வெளிச்சம் படாததால் அந்த ஒரு கீற்று மட்டும் பிழைத்திருக்கிறது.

அந்தக் காலத்தில் மேகத்துக்குச் சாம்பல் நிறம் வேண்டுமென்றால், இண்டிகோ நீலத்தோடு செம்மண் சிவப்பைக் கலப்பார்கள். இண்டிகோ என்பது நம் அவுரிதான். திண்டிவனம் பக்கம் இன்றும் தொட்டியில் ஊறவைத்து அடித்து எடுக்கிறார்களே, அதே செடியின் சாயம். துணியில் நன்றாகவே நிற்கும். காகிதத்தில் மெல்லிய பூச்சாகப் பூசினால் வெளிச்சத்தைத் தாங்காது, வருஷம் போகப் போக வெளுத்துவிடும். செம்மண் சிவப்பு இரும்புச் சத்து உள்ள மண். அது எத்தனை வெயிலிலும் அசையாது. நீலம் போய்விட, சிவப்பு மட்டும் தங்கிவிடுகிறது. புயல் மேகம் ரோஜாப்பூ மேகமாகிவிடுகிறது. இங்கிலாந்தில் இதைப் பற்றிப் பெரிய வாக்குவாதமே நடந்து, ரஸ்ஸல், ஏப்னி என்ற இரண்டு விஞ்ஞானிகள் நீர்வண்ணங்களை வெயிலில் வைத்துச் சோதித்து 1888-ல் அறிக்கை கொடுத்தார்கள். இண்டிகோ வெளுப்பது அதில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் பதிவானது. போன நிறத்தை மீட்க வழி கிடையாது. யாராவது ‘மேலே கொஞ்சம் நீலம் பூசித் தருகிறேன்’ என்றால் படத்தைக் கையில் கொடுக்காதீர்கள். அந்த அரிசி அகலப் பட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். படத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

இனி, கையால் வரைந்ததா என்ற கேள்வி. லென்ஸ் வைத்து நீங்கள் எடுத்த மூன்றாவது போட்டோ அருமையாக வந்திருக்கிறது. இந்தக் காலத்து அச்சு என்றால் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு எனச் சின்னப் புள்ளிகள் வட்டம் வட்டமாக, ஒழுங்காகத் தெரியும். உங்கள் படத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. வண்ணம் காகிதத்தின் குழிகளில் போய்த் தங்கியிருக்கிறது, மேடுகளில் மெலிந்திருக்கிறது. பாறையின் நிழல் முடிகிற இடத்தில், வற்றிய குளத்தின் கரைக்கோடு மாதிரி ஓரம் மட்டும் கறுத்திருக்கிறது. தண்ணீர் நிறையத் தோய்த்த பிரஷ்ஷால் பூசிவிட்டு அப்படியே காயவிட்டால்தான் அந்தக் கோடு வரும். லில்பர்ன் கோபுரத்தின் விளிம்பில் வண்ணத்துக்கு அடியில் பென்சில் கோடு தெரிகிறது. ஒரு இடத்தில் கோடு ஒரு பக்கமும் வண்ணம் ஒரு பக்கமுமாக விலகிக்கூட இருக்கிறது.

அந்தக் கரையில் நானும் ஒருமுறை வண்ணப்பெட்டியோடு உட்கார்ந்தேன். பிப்ரவரி மாதம். உப்புக் காற்றின் ஈரத்தில் ஒரு வாஷ், அதாவது தண்ணீர் கலந்த மெல்லிய வண்ணப் பூச்சு, காய்வதற்கு இருபது நிமிஷத்துக்கு மேல் ஆனது. விரல் மரத்துப்போனது. பழைய ஓவியர்கள் பலர் இடத்தில் நின்று பென்சிலால் மட்டும் வரைந்துகொண்டு, வண்ணத்தைச் சத்திரத்து அறையிலோ வீட்டிலோ போய்ப் பூசியதன் காரணம் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

நான்காவது போட்டோவில் அலை நுரையைப் பாருங்கள். பாறையில் மோதித் தெறிக்கும் இடத்தில் வெள்ளை வண்ணம் எதுவும் இல்லை. நீல வாஷ் காய்ந்த பிறகு, கத்தி முனையால் காகிதத்தையே சுரண்டி எடுத்திருக்கிறார். சுரண்டிய இடத்தில் நார்கள் பஞ்சு போல எழும்பி நிற்கின்றன. பக்கவாட்டில் டார்ச் அடித்தால் விரல் நகம் பட்ட தழும்பு மாதிரி பள்ளம் தெரியும். எந்த அச்சு இயந்திரமும் இதைச் செய்யாது. உங்கள் கணவருக்கு இந்த ஒரு இடத்தைக் காட்டினால் போதும்.

வயதைப் பற்றி. படகில் நிற்கும் மீனவரின் சட்டை மட்டும் கட்டியான வெள்ளைப் பூச்சு. துத்தநாகத்தில் செய்த சைனீஸ் ஒயிட் என்ற வெள்ளையை வின்சர் அண்ட் நியூட்டன் கம்பெனி 1834-ல் கொண்டுவந்தது. அதற்கு முன் பலர் கைக்கொண்ட ஈய வெள்ளை, காற்றில் உள்ள கந்தகம் பட்டால் கறுத்துவிடும். உங்கள் மீனவர் சட்டை இன்னும் சலவைக்குப் போட்டு எடுத்த மாதிரி இருக்கிறது. ஆகவே 1834-க்குப் பிறகு என்று சாய்கிறேன். லேபிளில் உள்ள கிரே ஸ்ட்ரீட் நீங்கள் தினமும் நடக்கிற தெருதான். 1830-களில் ரிச்சர்ட் கிரெய்ஞ்சர் நகரத்தின் நடுப்பகுதியைப் புதிதாகக் கட்டியபோது உருவானது. ஆகவே ஃப்ரேமும் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. ஆனால் ஒன்று, படமும் ஃப்ரேமும் ஒரே வயதாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நகர நூலகத்தில் பழைய வியாபாரிகள் டைரக்டரி இருக்கும். அந்தத் தெருவில் ஃப்ரேம் கடைகள் எந்த எண்ணில், எந்த வருஷங்களில் இருந்தன என்று பாருங்கள். லேபிளைப் பிய்த்து எடுக்க வேண்டாம், பின்பக்கத்துப் பழுப்புத் தாளைக் கிழிக்கவும் வேண்டாம்.

டர்னர்? இல்லை அம்மா. டர்னர் அங்கே போனது 1797-ல். அப்போது அவருக்கு 22 வயது. உங்கள் படத்தில் பாறைகள் தயங்கித் தயங்கி வரையப்பட்டிருக்கின்றன. ஒரே நிழலை மூன்று தடவை தொட்டிருக்கிறார். டர்னரின் கை அப்படித் தயங்காது. 19-ஆம் நூற்றாண்டில் வசதியான வீட்டுப் பெண்களுக்கு நீர்வண்ணம் சொல்லிக்கொடுக்க ஆசிரியர்கள் வீட்டுக்கே வருவார்கள். அச்சிட்ட கோட்டைப் படங்களைப் பார்த்து வரைவது அவர்களுக்கு முக்கியமான பாடம். கையெழுத்தில்லாத இப்படிப்பட்ட படங்கள் பலவும் அப்படிப் பழகியவர்கள் வரைந்தவை. ஆனால் உங்கள் படத்துப் பெண் (பெண் என்றே நினைக்கிறேன், சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம்) அந்த இடத்தை நேரில் பார்த்தவர். ஈரப் பாறையின் மேல்முகத்தில் மட்டும் வானத்தின் வெளிச்சம் விழுவதை, அச்சுப் படத்தைப் பார்த்து யாரும் அப்படிப் போட முடியாது.

கேள்வி: அம்மா, என் தாத்தா குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தார். வெள்ளைக்கார துரை ஊருக்குப் போகும்போது கொடுத்த படம் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. இதே போல் கடல், இடிந்த கோட்டை. இப்போது படம் முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். ஃப்ரேம் கடைக்காரர் ‘ப்ளீச் போட்டுக் கழுவித் தரேன் சார், புதுசா ஆயிடும்’ என்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கொடுக்காதீர்கள். இன்றைக்கே போய்ச் சொல்லிவிடுங்கள்.

நீர்வண்ணத்தில் நிறத்தைக் காகிதத்தோடு பிடித்துவைப்பது ஒரு மரப்பிசின். நம் கருவேல மரத்து இனத்தில் வடிகிற பிசின்தான். அது தண்ணீரில் கரையும். நூறு வருஷம் காய்ந்திருந்தாலும் பல நிறங்கள் தண்ணீர் பட்டால் மறுபடி இளகும். எண்ணெய் வண்ணப் படத்துக்கு வார்னிஷ் என்ற மேல்பூச்சு இருக்கும், அழுக்கு அதன் மேல் நிற்கும். இங்கே அப்படி எந்தப் போர்வையும் இல்லை.

முப்பது வருஷத்துக்கு முன்னால் ஊட்டியிலிருந்து ஒரு குடும்பம் ஒரு படத்தை என்னிடம் எடுத்து வந்தது. அதுவும் கடற்கரைக் கோட்டைதான். ஒரு ஃப்ரேம் கடையில் ட்ரேயில் போட்டுக் கழுவியிருந்தார்கள். புள்ளிகள் போயிருந்தன. கூடவே வானத்தின் மேகமும், கரையில் கூடையோடு நின்ற ஒரு மீன்காரப் பெண்ணின் சிவப்பு மேலாடையும் போயிருந்தன. அவள் இருந்த இடத்தில் பென்சில் கோடு மட்டும், கை, கூடை, பாவாடை மடிப்பு என்று வெறும் கோடாக நின்றாள். அந்த வீட்டுப் பாட்டி விரலை நீட்டி, ‘இங்க ஒரு சிவப்புச் சட்டைக்காரி இருந்தாளே’ என்றார். என்னிடம் பதில் இல்லை. அந்தப் படத்துக்கு என்னால் செய்ய முடிந்தது நல்ல அட்டை வைத்து மூடியது மட்டும்தான்.

உங்கள் படத்தில் உள்ளதை ஃபாக்ஸிங் என்போம். துருப்புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் கலந்துவிட்ட இரும்புத் துகளாலும் வரும், பூசணத்தாலும் வரும், இரண்டும் சேர்ந்தும் வரும். எதுவானாலும் அதை வளர்ப்பது ஈரம். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து இருந்தால் பூசணத்துக்குக் கொண்டாட்டம். குன்னூர் மழைக்காலத்தைச் சொல்ல வேண்டியதே இல்லை. இப்போது நீங்கள் கோவையில் இருப்பது படத்துக்கு நல்லதே.

நீங்களே செய்யக்கூடியது இது: படம் வெளிச்சுவரில், மழைச்சாரல் படும் சுவரில் தொங்கினால் அதைக் கழற்றி உள்சுவரில் மாட்டுங்கள். ஃப்ரேமுக்குப் பின்னால் நான்கு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டி, சுவருக்கும் படத்துக்கும் நடுவில் காற்று போக விடுங்கள். படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பக்கவாட்டில் பாருங்கள். ஒட்டியிருந்தால் பிரிக்க முயலாதீர்கள், அப்படியே எடுத்துக்கொண்டு பாதுகாப்பு வேலை தெரிந்தவரிடம் போங்கள். பெங்களூருவில் சித்ரகலா பரிஷத்தோடு சேர்ந்து, பாரம்பரியச் சின்னங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு நடத்தும் ஓவியப் பாதுகாப்பு மையம் இருக்கிறது, உங்களுக்கு அது கிட்டத்தில். அங்கே முதலில் ஒவ்வொரு நிறத்தையும் ஊசி முனை அளவு தொட்டுச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீரைப் பற்றி யோசிப்பார்கள். புள்ளிகளை அப்படியே விட்டுவிடலாம் என்றும் சொல்லக்கூடும். அப்படிச் சொன்னால் ஏமாற்றம் வேண்டாம். புள்ளியோடு உள்ள படம் இன்னும் நூறு வருஷம் இருக்கும்.

கேள்வி: நான் ஓவியக் கல்லூரி மாணவன். இங்கிலாந்து ஓவியர்கள் இவ்வளவு பேர் ஏன் இடிந்த கோட்டைகளையே வரைந்தார்கள்? முழுசாக நல்லா இருக்கிற கட்டடம் அவர்களுக்குப் பிடிக்கவில்லையா? நம் ஊர்க் கோட்டைகளை யாராவது அப்படி வரைந்தார்களா?
– வாசகர், திருச்சி

பதில்: நல்ல கேள்வி, தம்பி. இரண்டு காரணங்கள் ஒரே காலத்தில் வந்து சேர்ந்தன.

ஒன்று, ரசனை. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வில்லியம் கில்பின் என்ற பாதிரியார், இயற்கைக் காட்சியைப் படமாகப் பார்ப்பது எப்படி என்று எழுதி எழுதி ஒரு தலைமுறையையே பழக்கினார். கரடுமுரடும், உடைசலும், கொடி படர்ந்த சுவரும்தான் படத்துக்கு அழகு என்பது அவர் கட்சி. வேல்ஸில் உள்ள டின்டர்ன் மடாலயத்தின் இடிபாட்டைப் பார்த்துவிட்டு, அதன் முக்கோணச் சுவர்கள் இன்னும் ரொம்ப ஒழுங்காக நிற்கின்றன, ஒரு கொட்டாப்புளியால் பக்குவமாகத் தட்டினால் தேவலை என்று எழுதியவர் அவர். எனக்கு அந்த வரி இன்றும் உறுத்தும். கோட்டை இடிந்ததற்குப் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள். டன்ஸ்டன்பரோவை 1313-ல் கட்டத் தொடங்கியவர் லங்காஸ்டர் பிரபு தாமஸ். அரசர் இரண்டாம் எட்வர்டின் பெரியப்பா சித்தப்பா பிள்ளை முறை. அரசரையே எதிர்த்து நின்று, தோற்று, 1322-ல் தலை வெட்டப்பட்டார். பிறகு, அரச குடும்பத்தின் இரண்டு கிளைகள் மோதிக்கொண்ட ரோஜாப் போர்களில், 1460-களில் கோட்டை முற்றுகைக்கு ஆளாகிக் கை மாறிக் கை மாறிப் போனது. அதன் பிறகு பழுதுபார்க்க யாரும் இல்லை. சுற்று வட்டாரத்தில் கல் தேவைப்பட்டவர்கள் எடுத்துப்போனார்கள். மிஞ்சியதைத்தான் ஓவியர்கள் பார்த்தார்கள்.

இரண்டாவது காரணம், போர். 1793-ல் பிரான்சோடு தொடங்கிய சண்டை, நடுவில் சிறு இடைவெளி விட்டு 1815 வரை நீண்டது. இத்தாலிக்குப் போய் ரோமாபுரி இடிபாடுகளை வரைய வழியில்லை. ஓவியர்கள் உள்ளூரிலேயே வடக்கே போனார்கள். டன்ஸ்டன்பரோவுக்கு 1796-ல் தாமஸ் கர்ட்டின் என்ற ஓவியர் போனார். மறு வருஷம் டர்னர் போனார். இருவரும் 1775-ல் பிறந்தவர்கள். லண்டனில் டாக்டர் மன்றோ என்பவர் வீட்டில் மாலை வேளைகளில் ஒரே மேசையில் உட்கார்ந்து, கர்ட்டின் கோடு போட, டர்னர் வாஷ் பூச, கூலிக்குப் படம் நகல் எடுத்தவர்கள். கர்ட்டின் 27 வயதில், 1802-ல் இறந்துபோனார். அவர் இருந்திருந்தால் நான் பட்டினி கிடந்திருப்பேன் என்று டர்னர் சொன்னதாகச் சொல்வார்கள். கர்ட்டினின் கோட்டைப் படங்களைப் பார்த்தால் அது வெறும் மரியாதைப் பேச்சாகத் தோன்றாது. அவர் மண் நிறங்களை வைத்தே மழைக்கு முந்தின இருட்டைக் கொண்டுவந்துவிடுவார்.

நம் ஊரைக் கேட்டீர்கள். தாமஸ் டேனியல் என்ற ஓவியரும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792, 93-ல் தமிழ்நாட்டில் சுற்றினார்கள். ராயக்கோட்டையை வரைந்தார்கள், பாபநாசம் அருவியை வரைந்தார்கள், உங்கள் உச்சிப்பிள்ளையார் மலையையும் வரைந்தார்கள். ஊர் திரும்பிய வில்லியம், பிறகு 1814-லிருந்து 1825 வரை பிரிட்டன் கடற்கரையைச் சுற்றி வந்து 308 படங்களை வெளியிட்டார். பாறை, பாறை மேல் கோட்டை, கீழே கடல். ராயக்கோட்டைப் பாறையைப் பார்த்துப் பழகிய கண் ஸ்காட்லாந்துப் பாறையைப் பார்க்கும்போது என்ன செய்கிறது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் ஆசிரியரிடம் கேட்டால் இதையே ஒரு பயிற்சியாக வைப்பார்.

ஒரு எச்சரிக்கை. டேனியல் படங்களாக விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் அக்வாடின்ட் அச்சு, அதாவது செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்சிட்டது, மேலே கையால் வண்ணம் பூசியது. தூரத்தில் நீர்வண்ணம் போலவே இருக்கும். லென்ஸில் பார்த்தால் நிழல் முழுவதும் காய்ந்த ஏரிமண் வெடிப்பு மாதிரி நுணுக்கமான வலைப்பின்னல் தெரியும். காகிதத்தை ஓரம் வெட்டாமல் விட்டிருந்தால், செப்புத் தகடு அழுந்திய பள்ளம் சுற்றிலும் ஓடும்.

கேள்வி: மெல்போர்ன் மியூசியத்தில் டர்னர் வரைந்த இதே டன்ஸ்டன்பரோ கோட்டையைப் பார்த்தேன். ஆனால் அது ஆயில் பெயின்டிங். நீர்வண்ணம் அதைவிடக் கொஞ்சம் மட்டமானதா? அப்படித்தான் இங்கே ஒரு நண்பர் சொன்னார்.
– வாசகி, மெல்போர்ன்

பதில்: நீங்கள் பார்த்தது 1798-ல் டர்னர் லண்டனில் ராயல் அகாடமி என்ற ஓவியர் அமைப்பின் கண்காட்சியில் வைத்த படம். புயலடித்த இரவுக்குப் பிறகு வரும் சூரியோதயம். நியூகாசிலில் இருந்த காலம் முழுவதும் அதை நேரில் பார்க்க முடியாதே என்று ஏங்கியிருக்கிறேன், உங்களுக்கு ஊரிலேயே இருக்கிறது.

மட்டம் என்ற பேச்சு பழசு. அகாடமிக் கண்காட்சிகளில் எண்ணெய் வண்ணப் படங்களுக்கு நடுவே தங்கள் படங்கள் எடுபடாமல் போவதைப் பொறுக்காமல்தான் நீர்வண்ண ஓவியர்கள் 1804-ல் தனிச் சங்கம் தொடங்கினார்கள். என் அனுபவத்தில், நீர்வண்ணம்தான் கடினம். எண்ணெய் வண்ணத்தில் இருட்டை முதலில் போட்டு, வெளிச்சத்தைக் கடைசியில் வெள்ளையாக மேலே வைத்துக்கொள்ளலாம். நீர்வண்ணத்தில் வெளிச்சம் என்பது பூசாமல் விட்ட காகிதம். அலை நுரை எங்கே வரும், மேகத்தின் விளிம்பு எங்கே வெளுக்கும் என்று பிரஷ்ஷைத் தொடுவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். தவறவிட்டால் ஸ்பாஞ்சால் ஒற்றியோ, கத்தியால் சுரண்டியோதான் மீட்க வேண்டும். டர்னர் சுரண்டுவதற்கென்றே கட்டைவிரல் நகத்தை வளர்த்திருந்தார் என்பார்கள்.

காகிதம் பழுத்தால் நுரையும் பழுக்கிறது, நிலாவும் பழுக்கிறது. நான் இத்தனை வருஷம் ‘காகிதத்தைப் பாருங்கள், காகிதத்தைப் பாருங்கள்’ என்று எல்லோரையும் நச்சரிப்பதற்குக் காரணம் அதுதான். காகிதத்தின் வெள்ளைதான் அந்தப் படத்தின் சூரியன்.

கேள்வி: இந்த மாதிரி படத்தை வீட்டில் எங்கே மாட்டலாம்? என்ன விலை போகும்?
– வாசகர், சென்னை

பதில்: விலை நான் சொல்வதில்லை. ஏலம் நடத்துபவர்களைக் கேளுங்கள்.

மாட்டும் இடம் சொல்கிறேன். மியூசியங்களில் நீர்வண்ணப் படத்துக்கு 50 லக்ஸ் வெளிச்சம்தான் வைப்பார்கள். அந்தி மயங்கும்போது விளக்குப் போடாத கூடம் எப்படி இருக்குமோ, கிட்டத்தட்ட அந்த அளவு. ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் கூடாது. பூஜை விளக்குக்கு மேலே கூடாது, எண்ணெய்ப் புகை ஏறும். ஏ.சி. காற்று நேராகப் படும் இடமும் வேண்டாம். மவுன்ட் அட்டை மரக்கூழ் அட்டையாக இருந்தால் அதிலுள்ள அமிலம் படத்தின் ஓரத்தைச் சுற்றிப் பழுப்புக் கோடாகச் சுட்டுவிடும். அமிலம் இல்லாத அட்டை என்று கேட்டு வாங்குங்கள். செலோ டேப் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். சென்னையில் ராமபாணப் பூச்சியும் ஒரு தொல்லை, வருஷத்துக்கு ஒருமுறை ஃப்ரேமின் பின்பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

கேட்ஸ்ஹெட் வாசகிக்கு மறுபடியும் ஒரு வார்த்தை. நியூகாசிலில் உள்ள லைங் கலைக்கூடத்துக்கு ஒருமுறை போய்விட்டு வாருங்கள். 1904-லிருந்து இருக்கிறது, நீர்வண்ணங்களுக்குப் பேர்போன இடம். அங்கே உள்ளவர்களிடம் காகிதப் பாதுகாப்பு தெரிந்த ஒருவரைக் கேட்டு, அவர் கையால் ஃப்ரேமைப் பிரியுங்கள். பிரிக்கும்போது படத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கச் சொல்லி ஒரு போட்டோ எடுங்கள். 1794-ல் வந்த ஒரு வரிச் சட்டத்துக்குப் பிறகு இங்கிலாந்துக் காகித ஆலைகள் பல, நீர்க்குறியில் (காகிதத்துக்குள்ளேயே பதிந்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரியும் அடையாளம்) வருஷத்தையும் சேர்த்தே போட்டன. வாட்மேன் என்ற காகித ஆலைப் பெயரும் அதற்குக் கீழே நான்கு எண்களும் தெரிந்தால், அந்த வருஷத்துக்கு முன்னால் உங்கள் படம் இல்லை என்பது உறுதியாகிவிடும். லில்பர்ன் கோபுரத்துக்கு மேலே, வானத்தின் வலது மூலையில் ஏதோ எழுத்து நிழலாடுவதாக உங்கள் முதல் போட்டோவில் எனக்குத் தோன்றுகிறது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து எடுத்த போட்டோவை நீங்கள் அனுப்பும் வரை எனக்கு அதே நினைப்பாக இருக்கும்.